குழாயைப் புதைக்கும் முன் மண்ணைப் பிழிந்து பாருங்கள்

இங்கிலாந்தில் இப்ஸ்விச் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு வாங்கியிருக்கும் நண்பர், போன செப்டம்பரில் இரண்டு கொட்டேஷன்களை அனுப்பி, "இதுல யார்யா பொய் சொல்றது?" என்று கேட்டார். கேஸ் லைன் வராத ஊர், வீட்டைச் சூடாக்கும் ஆயில் பாய்லர் ஓய்வு பெறும் வயதைத் தாண்டிவிட்டது, அரசாங்கம் அப்போது 7,500 பவுண்டு மானியம் தந்தது, சரி, தோட்டத்தில் குழாய் புதைத்து மண்ணிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் போட்டுவிடலாம் என்பது அவர் திட்டம். முதல் கம்பெனி 240 சதுர மீட்டர் நிலம் போதும் என்றது. இரண்டாவது கம்பெனி 600 வேண்டும், உங்களிடம் இருப்பதே 350தான், அதனால் தோட்டத்தை மறந்துவிட்டு ஆழ்துளை போடுங்கள் என்றது. ஆழ்துளை என்றால் செலவு எங்கேயோ போய்விடும்.

யாரும் பொய் சொல்லவில்லை. கணக்கைப் பின்பக்கமாகப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கடுங்குளிரில் அந்த வீட்டுக்கு 8 கிலோவாட் வெப்பம் வேண்டும். ஹீட் பம்ப் ஒரு பங்கு மின்சாரத்துக்கு நான்கு பங்கு வெப்பம் தருகிறது என்று வைத்துக்கொண்டால், அதில் 2 கிலோவாட் மின்சாரத்திலிருந்தும் மீதி 6 கிலோவாட் மண்ணிலிருந்தும் வர வேண்டும். ஜெர்மானியப் பொறியாளர் சங்கத்தின் வி.டி.ஐ. 4640 என்கிற வழிகாட்டியில் ஓர் அட்டவணை உண்டு: காய்ந்த மணலில் சதுர மீட்டருக்கு 10 வாட், ஈரமான களிமண்ணில் 20 முதல் 30, நீர் நிரம்பிய மணல் அல்லது சரளையில் 40, ஆண்டுக்கு 1,800 மணி நேரம் ஓடினால். முதல் கம்பெனி 25 என்று எடுத்திருக்கிறது, 6,000ஐ 25ஆல் வகுத்தால் 240. இரண்டாவது கம்பெனி 'மணல்' என்று கேட்டதும் 10 என்று எடுத்திருக்கிறது. ஒரே தோட்டம், ஒரே வீடு, அட்டவணையில் ஒரு வரி மேலே கீழே போனதற்கு 360 சதுர மீட்டர் வித்தியாசம். இரண்டு பேரில் ஒருவராவது மண்வெட்டியை எடுத்தார்களா என்றால், இல்லை.

இந்த மண் கணக்கைப் பேசும் முன் ஒரு தப்பான நினைப்பைக் களைய வேண்டும். இதற்கு 'புவிவெப்பம்' என்று பெயர் வைத்துவிட்டதால், பூமிக்கு அடியில் கொதித்துக்கொண்டிருக்கும் நெருப்பிலிருந்து வெப்பம் ஏறி வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள், விற்கிறவர்களும் அதை அவ்வளவாக மறுப்பதில்லை. பூமியின் உள்ளிருந்து பிரிட்டனில் மேலே வரும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 0.06 வாட்டுக்கும் குறைவு. அதே சதுர மீட்டரில் மேலிருந்து விழும் சூரிய ஒளி, இரவு, மேகம், குளிர்காலம் எல்லாம் சேர்த்துச் சராசரி போட்டாலும் சுமார் 100 வாட். ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் குழாய் புதைப்பவர் எடுப்பது போன கோடையின் வெயிலைத்தான். மண் ஒரு பேட்டரி. சூரியன் சார்ஜ் போடுகிறது, மழைநீர் கொஞ்சம் உள்ளே சுமந்து போகிறது, ஹீட் பம்ப் குளிர்காலத்தில் அதை இறக்குகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், சித்திரையில் அதே தண்ணீர் சில்லென்றிருக்கும். தண்ணீர் மாறவில்லை, நாம்தான் மாறிவிட்டோம். அல்லது மே மாத மதியத்தில் மெரினா மணலில் செருப்பில்லாமல் நின்று பாருங்கள். பாதம் பொரியும். குதிகாலால் ஒரு சாண் தோண்டி உள்ளே காலை விட்டால் நிம்மதி. காய்ந்த மணலில் பகல் வெப்பத்தின் ஏற்ற இறக்கம் ஏழு சென்டிமீட்டருக்குள்ளேயே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பகல்-இரவு என்பது அவசரமான அலை, அது மண்ணுக்குள் ஆழமாகப் போகாது. கோடை-குளிர் என்பது நிதானமான அலை, அது மீட்டர் கணக்கில் உள்ளே போகும், ஆனால் போகப் போக அடங்கும், போகப் போகத் தாமதமாகும்.

அந்தத் தாமதத்தை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் எடின்பரோவின் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ் முக்கியமானவர். 1837இல் அவர் ஊரைச் சுற்றி மூன்று இடங்களில் தெர்மாமீட்டர்களைப் புதைத்தார்: கால்டன் குன்றின் எரிமலைப் பாறையில், ஒரு சோதனைத் தோட்டத்தின் மணலில், கிரெய்க்லீத் கல்குவாரியின் மணற்பாறையில். ஒவ்வோர் இடத்திலும் 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி ஆழங்கள், அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டரில் தொடங்கி 7.8 மீட்டர் வரை. 24 அடி ஆழத்துக்கான தெர்மாமீட்டரின் குமிழ் அடியில் கிடக்க, அளவு பார்க்கும் முனை மட்டும் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவு நீளக் கண்ணாடிக் குழாய். வருடக்கணக்கில் போய்ப் போய்ப் பார்த்துக் குறித்துவைத்தார்கள்.

அந்தக் குறிப்புகளைப் பின்னால் எடுத்து அலசியவர் வில்லியம் தாம்சன், பிற்காலத்து கெல்வின் பிரபு. மூன்று இடங்களிலும் வெப்பம் மண்ணுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று கணக்கிட்டார். எரிமலைப் பாறையும் தோட்ட மணலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல வந்தன, கிரெய்க்லீத் மணற்பாறையோ அவற்றைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. அவர் எண்களை வைத்துப் போட்டால், 24 அடி ஆழத்துக்குக் கோடை போய்ச் சேர கால்டன் குன்றில் ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும், மேலே பனி கொட்டும் ஜனவரியில் கீழே 'கோடை' நடக்கும். கிரெய்க்லீத்தில் மூன்றே மாதம். எனக்கு இதில் பிடித்த விஷயம் என்னவென்றால், காற்றைச் சுருக்கி விரித்துக் கட்டடத்தைச் சூடாக்கலாம், குளிர்விக்கவும் செய்யலாம் என்று ஹீட் பம்ப்புக்கான யோசனையை 1852இல் எழுதியவரும் இதே தாம்சன்தான். இரண்டையும் கோத்து, இயந்திரத்தை மண்ணோடு இணைக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் காப்புரிமையை 1912இல் ஹைன்ரிக் சோலி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் வாங்கினார்.

சரி, கிரெய்க்லீத் மட்டும் ஏன் அப்படி? அந்தப் பாறையில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் என்கிற கனிமம்தான். மண்ணின் வெப்பக் கதையில் மூன்று பாத்திரங்கள்தான். திடத் துகள்கள், தண்ணீர், காற்று. வெப்பக் கடத்துதிறனை மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்று சொல்வார்கள். குவார்ட்ஸுக்கு அது சுமார் 7.7. மற்ற கனிமங்களுக்கு 2, 3. தண்ணீருக்கு 0.6. காற்றுக்கு 0.025. கடைசி எண்ணை இன்னொரு முறை பாருங்கள், தண்ணீரைவிடக் காற்று இருபத்துநான்கு மடங்கு மோசம். பெரும்பாலான மண்ணில் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வெற்றிடம், அதாவது துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளி. அந்த வெற்றிடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறதா தண்ணீர் உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

காய்ந்த மணலை நுண்ணோக்கியில் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உருண்டை உருண்டையாகக் குவார்ட்ஸ் மணிகள், ஒன்றை ஒன்று ஊசிமுனை அளவே தொட்டுக்கொண்டிருக்கின்றன. மணி ஒவ்வொன்றும் அருமையான கடத்தி, ஆனால் ஒரு மணியிலிருந்து அடுத்ததற்குத் தாவ வெப்பத்துக்கு வழி இல்லை, சுற்றிலும் காற்று. அதனால் 7.7 உள்ள பொருளால் ஆன மணல் மொத்தமாகச் சேர்ந்தால் 0.3 மட்டுமே தருகிறது. இப்போது கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் எல்லா இடத்திலும் சமமாகப் பரவாது, மணிகள் தொடும் இடத்தைத் தேடிப் போய்க் கழுத்துப்பட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். சரியாக எங்கே பாலம் தேவையோ அங்கேயே பாலம் கட்டிவிடுகிறது. வெற்றிடத்தில் பத்தில் ஒரு பங்கு நீர் நிரம்பினாலே கடத்துதிறன் மூன்று மடங்காகி ஒன்றை நெருங்கும். முழுக்க நிரம்பினால் 2.5. அதாவது முதல் சொட்டுகள்தான் பெரிய வேலை செய்கின்றன, அப்புறம் ஊற்ற ஊற்றப் பலன் மெதுவாகக் குறைகிறது.

இந்த வளைவை முதலில் பெரிய அளவில் அளந்து வைத்தவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மைல்ஸ் கெர்ஸ்டன், 1949இல். அவர் கவலை ஹீட் பம்ப் இல்லை, உறைந்த மண் பற்றியது. அதை எடுத்து 1975இல் நார்வேயின் ஜோஹான்சன் ஒரு சூத்திரமாக்கினார்: குவார்ட்ஸ் எவ்வளவு, வெற்றிடம் எவ்வளவு, அதில் நீர் எவ்வளவு, இந்த மூன்றும் தெரிந்தால் கடத்துதிறன் கிடைத்துவிடும். இன்றைக்கும் பலர் இதைத்தான் போடுகிறார்கள்.

அந்தச் சூத்திரத்தில் களிமண்ணைப் போட்டுப் பார்த்தால் ஒரு சுவையான விஷயம் வருகிறது. களிமண்ணில் குவார்ட்ஸ் குறைவு, வெற்றிடம் அதிகம், அதனால் முழுக்க நனைந்தாலும் 1.3 அளவில் நின்றுவிடும். நனைந்த மணலில் பாதி. அப்படியானால் களிமண் மட்டமா? காகிதத்தில் அப்படித்தான். தோட்டத்தில் அப்படி இல்லை, ஏனென்றால் களிமண் தண்ணீரைக் கஞ்சன் காசைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொள்ளும், மணலோ வந்த கையோடு செலவழித்துவிடும். நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் மணல் பாதி நேரம் காய்ந்தே கிடக்கும். மணல் நல்லதா களிமண் நல்லதா என்று கேட்பதே தப்பு என்பது என் கட்சி. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். மண்ணின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு அட்டவணையில் விரலை வைப்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். இரண்டிலும் சேராத ஆசாமி ஒன்று உண்டு, சதுப்பு நிலக் கரிமண். அதில் கல்லே இல்லை, மக்கிய தாவரம்தான். நிரம்ப நனைந்தாலும் 0.5 தாண்டாது, காய்ந்தால் கம்பளிப் போர்வை.

கடத்துவது ஒரு பக்கம், சேமிப்பது இன்னொரு பக்கம். பேட்டரி என்று சொன்னோமே, அதன் கொள்ளளவு. ஒரு கன மீட்டர் கனிமத்தை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 2 மெகாஜூல் வேண்டும், தண்ணீருக்கு 4.2, காற்றுக்குப் பேசவே வேண்டாம், ஆயிரத்தில் ஒன்று. ஆக இதிலும் தண்ணீர்தான் ஜெயிக்கிறது. கால் பங்கு நீர் உள்ள மணலில் ஒரு கன மீட்டரை 10 டிகிரி குளிரவைத்தால் சுமார் 6 யூனிட் வெப்பம் கிடைக்கும். ஆனால் அதே மண்ணில் உள்ள நீரைப் பனியாக உறையவைத்தால் டிகிரி மாறாமலேயே 23 யூனிட் கிடைக்கும். உறையும்போது நீர் வெளிவிடும் உள்ளுறை வெப்பம் அவ்வளவு பெரிது. போதாக்குறைக்குப் பனிக்கட்டி தண்ணீரைவிட நான்கு மடங்கு நன்றாகக் கடத்தும். அதனால் குழாயைச் சுற்றி ஒரு மெல்லிய உறைபனி உறை உருவாவதைப் பல வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே அனுமதிக்கிறார்கள். குழாய்க்குள் ஓடுவது ஆன்டிஃப்ரீஸ் கலந்த நீர், பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

பேராசைப்பட்டால்தான் சிக்கல். பக்கத்துப் பக்கத்துக் குழாய்களின் பனி உறைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பாளமாகிவிட்டால் மழைநீர் கீழே இறங்க வழி அடைபடும், தரை மேலெழும், குறிப்பாக வண்டல் மண்ணில். வசந்தத்தில் ஊரெல்லாம் பச்சைப் புல் முளைக்க, உங்கள் தோட்டம் மட்டும் சொதசொதவென்று தூங்கிக்கொண்டிருக்கும். அடுத்த குளிர்காலத்துக்குள் பேட்டரி முழுதாக ஏறாது. இரண்டாம் ஆண்டு முதல் ஆண்டைவிட மோசமாக ஓடும் அமைப்புகளில் இதுவும் ஒரு கதை.

களிமண்ணுக்கு வேறொரு கெட்ட பழக்கம். கோடையில் சுருங்கும். தென்கிழக்கு இங்கிலாந்தின் களிமண் நிலங்களில் வறண்ட ஆண்டுகளில் சுவர் விரிசல் விடுவது இதனால்தான். அதே சுருக்கம் குழாயைச் சுற்றி ஒரு மயிரிழை இடைவெளியை உண்டாக்கினால், அதற்குள் காற்று புகுந்தால், அவ்வளவுதான், குழாய்க்கு ஸ்வெட்டர் போட்ட கதை. பள்ளத்தை மூடும்போது கட்டி கட்டியாக வெட்டிய களிமண்ணை அப்படியே தள்ளி மூடிவிட்டுப் போவதிலும் இதே ஆபத்து. குழாயைச் சுற்றி மணல் அல்லது சலித்த மண் போட்டு, நீர் தெளித்து, மிதித்துக் கெட்டிப்படுத்து என்பது ரொம்ப அலுப்பான அறிவுரை. ஆனால் அந்தக் கடைசி பத்து சென்டிமீட்டர் வழியாகத்தான் தோட்டத்து வெப்பம் மொத்தமும் போயாக வேண்டும்.

இதெல்லாம் வெப்பத்தை எடுப்பவர்களுக்கு. வெப்பத்தை மண்ணுக்குள் கொட்டுபவர்களுக்கு இதைவிடத் தலைவலி. சூடான பொருளைச் சுற்றியுள்ள ஈரம் விலகி ஓடும், மண் காயும், காய்ந்தால் கடத்துதிறன் விழும், விழுந்தால் இன்னும் சூடேறும். புதைத்த மின் கேபிள் போடுபவர்களுக்கு இந்த விஷச்சுழல் நன்றாகத் தெரியும். 1998 பிப்ரவரியில், அங்கே கோடை, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்துக்குப் போன முக்கியக் கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் வாரக்கணக்கில் இருட்டானபோது, சுற்றியிருந்த மண் நினைத்த அளவு வெப்பத்தைக் கடத்தவில்லை என்பதும் பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. நம் ஊரில் ஏசிக்கு இந்த மண் வித்தையைச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். சென்னையில் சில மீட்டர் ஆழத்தில் மண் ஆண்டு முழுக்க 28 முதல் 30 டிகிரி. 40 டிகிரி வெளிக்காற்றோடு ஒப்பிட்டால் அது லாபம்தான். ஆனால் ஆண்டில் பத்து மாதம் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தால், அதைத் திரும்ப எடுக்கும் குளிர்காலம் நமக்கு இல்லை. பேட்டரி ஒரே பக்கமாக நிரம்பி வழியும்.

இப்ஸ்விச்சுக்கு வருவோம். 1.2 மீட்டர் ஆழம் என்கிறார்களே, அது இயற்பியல் சொன்ன எண் அல்ல. அதற்கு மேல் தோண்டினால் பள்ளத்தின் பக்கங்கள் சரியாமல் பலகை கட்ட வேண்டிவரும், கூலி ஏறும், அதனால் வந்த எண். அந்த ஆழத்தில் ஆண்டின் ஏற்ற இறக்கத்தில் அறுபது சதவீதம் இன்னும் மிச்சமிருக்கும். மண்ணின் வெப்பநிலை கோடை முடிவில் 15ஐத் தொடும், குளிர்காலத்தில் 6க்கு இறங்கும், மேலே உள்ள குளிரைவிட ஒரு மாதம் பிந்தி. அதாவது மண் மிகவும் களைத்துப்போயிருப்பது பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும். ஜனவரியில் ஜோராக ஓடியது என்று யாராவது சான்றிதழ் கொடுத்தால், மார்ச்சில் எப்படி என்று கேளுங்கள்.

ஓர் இடத்தின் எண்ணைத் தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. பிரிட்டனின் வானிலைத் துறை பல நிலையங்களில் 30 சென்டிமீட்டரிலும் ஒரு மீட்டரிலும் மண்ணின் வெப்பநிலையைக் குறித்துவருகிறது. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகத்தின் ஜான் பஸ்பி அந்தக் குறிப்புகளை எடுத்து, அலை எவ்வளவு அடங்குகிறது, எவ்வளவு பிந்துகிறது என்று பார்த்து, மண்ணின் வெப்பப் பரவுதிறனைக் கணக்கிட்டார். நூற்றைம்பது ஆண்டு கழித்து அதே தாம்சன் வேலை, எக்செல் காலத்தில். உங்கள் தோட்டத்துக்கென்று வேண்டுமானால் ஊசி மாதிரி ஒரு கருவி இருக்கிறது, மண்ணில் குத்தி, அதற்குள் இருக்கும் சின்ன ஹீட்டரை ஓடவிட்டு, ஊசி எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்று சில நிமிடம் பார்க்க வேண்டும். வேகமாகச் சூடானால் மண் வெப்பத்தை வாங்கிக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

நண்பரை முதலில் ஒரு மண்வெட்டியும் கைத்துரப்பணமும் கடன் வாங்கச் சொன்னேன். மழை குறைந்த கிழக்குப் பகுதி, கோடை முடிந்த நேரம், ஆண்டிலேயே மண் மிகவும் காய்ந்திருக்கும் சமயம், அதாவது மோசமான நிலையைப் பார்க்கச் சரியான சமயம். வீடியோ காலில் பார்த்தேன். மேல் ஓரடி பொடிப்பொடியாக விரல் இடுக்கில் ஒழுகிய வெளிர் மணல். முக்கால் மீட்டரில் நிறம் ஒரு படி கறுத்தது. 1.2 மீட்டரில் எடுத்த கைப்பிடியைப் பிழிந்தபோது தண்ணீர் சொட்டவில்லை, ஆனால் கையைத் திறந்தபோது விரல் தடங்களோடு கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றது, தட்டினால்தான் உடைந்தது. காய்ந்த மணலும் இல்லை, சேறும் இல்லை. பிறகு மூன்றாவதாக ஓர் ஆளைக் கூப்பிட்டு ஊசி குத்தியதில் கடத்துதிறன் 1.6 என்று வந்தது.

அதை வைத்து 20 வாட் என்று எடுத்தார்கள், 300 சதுர மீட்டர். ஆண்டு முழுக்க எடுக்கும் வெப்பத்தைப் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 36 யூனிட், அதே ஜெர்மானிய வழிகாட்டி சொல்லும் 50 முதல் 70 என்ற உச்சவரம்புக்குக் கீழே நிம்மதியாக அடங்குகிறது. ஆழ்துளை வேண்டியிருக்கவில்லை. குழாய் போட்டு மூடி, புல் விதைத்த இரண்டு வாரத்தில் மறுபடி மெசேஜ்: அந்த இடம் இப்போது சமமாக இருக்கிறது, கல் பாவி ஒரு பெரிய பேட்டியோ போட்டு, மேலே கூரை அடித்தால் பார்பிக்யூவுக்கு நன்றாக இருக்குமே? கூரை போட்டால் வெயில் விழாது, கல் பாவினால் மழை இறங்காது, பேட்டரியின் சார்ஜர் இரண்டையும் ஒரே நாளில் பிடுங்கிவிடுவீர்கள் என்று எழுதினேன். பார்பிக்யூ இப்போது வீட்டின் முன்பக்கம், கார் நிற்கும் இடத்தில் நடக்கிறது.